சீட்டு எவ்வளவு உயரம்?

பழைய கார் ஒன்று வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் திடீரென்று கார் ஞானம் பிறந்துவிட்டது. என் கணவர் மைலேஜ் பற்றிப் பேசினார். துபாயில் இருக்கும் தம்பி, தரையோடு தரையாக மினுக்கிக்கொண்டு போகும் நீளக் கார்களாகத் தேடித் தேடி லிங்க் அனுப்பினான். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரி சன்ரூஃப் இருக்கிறதா என்று கேட்டாள். தாம்பரம் வெயிலில் கூரையைத் திறந்துவைத்துக்கொண்டு யாரம்மா போவார்கள் என்றேன். ஆன்லைனில் பார்த்த ஒவ்வொரு வண்டிக்காரருக்கும் நான் அனுப்பிய கேள்வி ஒன்றுதான். தரையிலிருந்து சீட்டு எவ்வளவு உயரம்?

காரணம் அப்பா. அவர் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் இன்று தொப்பையும் நரையுமாகத் திரிகிற ஆண்களில் பலர் ஒரு காலத்தில் அவருடைய விசிலுக்கு ஓடியவர்கள். பக்கவாதம் வந்து வலது பக்கம் தளர்ந்த பிறகும் இடது கையில் தடியை ஊன்றித் தானே நடந்தார், தானே குளித்தார், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிவைத்தார். யாராவது பிடிக்க வந்தால் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு என் கணவர் இன்றைக்கும் பயப்படுகிறார்.

அப்படிப்பட்டவரை ஈஸ்டர் அன்று ஒரு வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு சர்ச்சுக்குப் போனோம். குழிக்குள் உட்காருவது போல அவ்வளவு தாழ்ந்த சீட்டு. ஏறும்போதே தலை இடித்தது. இறங்கும்போது அவரால் எழவே முடியவில்லை. அவருடைய பழைய மாணவர் ஒருவர் நல்ல மனதோடுதான் ஓடி வந்தார். இடுப்பில் கைகொடுத்து, அரிசி மூட்டையைத் தூக்குவது போல அப்பாவைத் தூக்கி நிறுத்தினார். சட்டை பேன்ட்டிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. அப்பா ஒற்றைக் கையால் சட்டையை உள்ளே திணித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு, ஆராதனையைப் போனிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றார். அதற்கடுத்த ஞாயிறும் அதையே சொன்னார். இப்படியே மழைக்காலம் நெருங்கிவிட்டது. அவருக்குச் சர்ச் என்றால் ஜெபம் மட்டும் இல்லை. ஆராதனை முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் நின்று பழைய பையன்களை நிறுத்திவைத்து, எடை போட்டுவிட்டாய், நடக்கிறாயா இல்லையா என்று மிரட்டுவதில்தான் அவருக்கு அந்த வாரமே ஓடும். அது நின்றதும் மனிதர் டிவி முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப்போனார். யாரும் தூக்காமல் அவரை மறுபடி அந்த மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கார் அதற்காகத்தான்.

வீட்டில் சாப்பாட்டு மேஜை நாற்காலியில், மேலே போட்ட பழைய குஷனோடு, அவர் யார் துணையும் இல்லாமல் உட்கார்ந்து எழுவார். தையல் டேப்பை வைத்து அதை அளந்தேன். இருபத்திரண்டு அங்குலம். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. மற்ற எதிர்பார்ப்புகளையெல்லாம் ஒட்ட நறுக்கிவிட்டேன். ஆன்லைனில் போடும் கார் படமும் கல்யாண புரோக்கர் கொண்டுவரும் போட்டோவும் ஒரே ஜாதி. நேரில் போனால் பத்து வயது கூடத்தான் இருக்கும். பெயின்ட் போயிருக்கட்டும், ஏ.சி. முனகட்டும், டயரும் பேட்டரியும் மாற்ற வேண்டியிருக்கும் என்று முதலிலேயே அதற்கும் சேர்த்துப் பணம் எடுத்துவைத்தேன். அழகு சோறு போடுமா?

ஆனாலும் காட்டாங்குளத்தூரில் ஒரு வெள்ளி நிறக் காரைப் பார்த்ததும் நானே கொஞ்சம் மயங்கிவிட்டேன். ஒரு காலேஜ் லெக்சரர் விற்றார். கீறல் இல்லை, உள்ளே புதுத் துணி வாசனை. கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்கவே மறுத்தார். நான் டேப்பை எடுத்துச் சீட்டை அளந்தேன். நாலு அங்குலம் குறைந்தது. குஷன் போட்டுக்கொள்ளலாமே என்றார் கணவர். அப்பாவின் உயரத்துக்குக் குஷன் போட்டால் தலை கூரையில் முட்டும். லெக்சரர் என் கையிலிருந்த டேப்பை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டுமே. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பெரும்பாலானவர்கள் என் கேள்விக்குப் பதிலே போடவில்லை. அனகாபுத்தூரில் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற ஒருவர் மட்டும் போன் செய்தார். “அல்லாரும் மைலேஜ் கேப்பாங்க. நீங்க இன்னாக்கா, சீட்டு ஒயரம் கேக்குறீங்க?” என்றார். சொன்னேன். சற்று நேரத்தில் அளந்து சொல்லிவிட்டார். இருபத்திரண்டுக்கு மேலேயே இருந்தது. அப்பாவை ஒரு தடவை கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்துப் பார்த்துவிடச் சொன்னார். நான்தான் தட்டிக் கழித்தேன். அப்பாவிடம் சொன்னால் எனக்காக ஒன்றும் வாங்க வேண்டாம் என்று கதையை அங்கேயே முடித்துவிடுவார்.

ஆற்றங்கரை அனகாபுத்தூர் வண்டியா, அது வெள்ளத்தில் தண்ணீர் குடித்த வண்டியாகத்தான் இருக்கும் என்றார்கள் எல்லாரும். வெள்ளத்தைப் பார்த்த பிறகு எங்கள் பக்கத்தில் பழைய கார் வாங்குகிற எல்லாருமே மோப்ப நாய்கள். கார்ப்பெட்டைத் தூக்கி முகர்வோம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்போம். வண்டியை எவ்வளவு கழுவினாலும் உள்ளே சுருண்டிருக்கும் பெல்ட்டின் அடிப்பகுதியை யாரும் கழுவுவதில்லை. தண்ணீர் ஏறியிருந்தால் சேறு அங்கே காவிக் கோடாக நிற்கும். நான் அனகாபுத்தூர் போய் எல்லா பெல்ட்டையும் இழுத்தேன். ஒன்றிலும் கறை இல்லை.

பந்தல்காரருக்குக் கோபமே வரவில்லை. “நல்லா இஸ்து பாருக்கா. மழ வர்துன்னா மொதல்ல வண்டிதான் இரும்புலியூர்ல மச்சான் வூட்டுக்குப் போவும். அப்பாலதான் நாங்க” என்றார். அவருடைய மனைவி வாசலில் நின்று, ஆமாம், எங்களை விட அதற்குத்தான் மரியாதை என்றார். படத்தில் காட்டாத பக்கத்தில் பந்தல் கம்பி உரசின நீளக் கோடு ஒன்று இருந்தது. கூட வந்த மெக்கானிக் என்ஜினைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். வாங்கிவிட்டேன். உயரமாக, சதுரமாக, ரொட்டி டப்பாவுக்குச் சக்கரம் வைத்தது போல இருந்தது. தம்பிக்குப் படம் அனுப்பினேன். சிரிப்புப் பொம்மையாக ஒரு வரிசை அனுப்பிவைத்தான்.

மறுநாள் காலை வாசலில் நிறுத்தி, முன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டேன். ஆபீஸ் போக எனக்கு வாங்கினது, சும்மா உட்கார்ந்து பாருங்கள் என்றேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் வந்தார். சீட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். உட்காரும்போது பிடித்துக்கொள்ளக் கதவு இருந்தது, ஆனால் அது அவருடைய வலது பக்கத்தில் இருந்தது. அந்தக் கை வரவில்லை. இடது கையால் பின்னால் துழாவினார். உடம்பு முறுக்கிக்கொண்டது. பாதி உட்கார்ந்து, சரிந்து, சீட்டின் ஓரத்தில் முட்டுக்கொடுத்து நின்றார். கணவர் பாய்ந்தார். அப்பா அந்தப் பார்வையைப் பார்த்தார். கணவர் பின்வாங்கினார்.

ஊரெல்லாம் டேப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்த மகாராணி, அப்பாவுக்கு எந்தக் கை வேலை செய்யும் என்பதை யோசிக்கவில்லை. காரைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. அழுகை வந்தது. அவர் முன்னால் அழுதால் அவர் உள்ளே போய்விடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்பா உள்ளே போகவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு காரை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஸ்போர்ட்ஸ் டே அன்று மைதானத்தைப் பார்வையிடுகிற நடை அது. வலது பக்கம் பின் கதவுக்கு வந்ததும் நின்றார்.

“இதத் தொற.”

திறந்தேன். தடியை என்னிடம் நீட்டினார். முதுகைக் காட்டித் திரும்பினார். இந்தப் பக்கத்தில் டிரைவர் சீட்டின் முதுகு அவருடைய இடது கைக்கு நேராக இருந்தது. அதை இறுகப் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் உட்காருவது போல அப்படியே உட்கார்ந்தார். இடது காலை உள்ளே எடுத்துவைத்தார். வலது காலைக் கையால் தூக்கி அதன் பக்கத்தில் வைத்தார். நான் ஒரு விரல்கூட நீட்டவில்லை. நீட்டாமல் நிற்பதற்கு எனக்கு இருந்த பலமெல்லாம் தேவைப்பட்டது.

“போலாமா?” என்றார்.

வீட்டுச் செருப்போடு, தலைகூட வாராமல், ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓட்டினேன். பின்னால் ஆபீசர் போல உட்கார்ந்துகொண்டு, கியரை மாற்று, ஹாரன் அடி, அந்த பஸ்ஸுக்கு வழி விடாதே என்று உத்தரவு போட்டுக்கொண்டே வந்தார். ஏ.சி. எதிர்பார்த்தபடியே முனகியது. இருவருக்கும் வேர்த்துக் கொட்டியது. அவ்வளவு சந்தோஷமாக நான் வண்டி ஓட்டியதே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சட்டையை நன்றாக உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, நேரத்துக்கு முன்பே வாசலில் தயாராக நின்றார். சர்ச் காம்பவுண்டுக்குள் ரொட்டி டப்பா நுழைந்ததும் மரத்தடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்குத் தூக்கின அதே மாணவர் கைகளை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். நான் இறங்கி அவரை மறிப்பதற்குள் அப்பா கதவைத் திறந்துவிட்டார்.

“கொஞ்சம் தள்ளி நில்லுப்பா. எறங்கணும்.”

அந்தக் குரலை நான் மைதானத்தில் கேட்டிருக்கிறேன். மாணவர் அறியாமலே கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். அப்பா முன் சீட்டைப் பிடித்தார், எழுந்தார், நின்றார், தடிக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன். மாணவரின் வயிற்றை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்து, நடக்கிறாயா இல்லையா என்று கேட்டார்.

எனக்கு அடக்க முடியாத பெருமை. நூறு புதுக் கார் வாங்கியிருந்தாலும் எனக்கு அது வந்திருக்காது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடிகளை ஏற்றி, வண்டியைப் பூட்டிவிட்டுத் திரும்பினேன். அப்பா எனக்காகக் காத்திருக்கவில்லை. பாதி தூரம் போய்விட்டிருந்தார்.