கழுத்துக்கு யார், தொட்டிலுக்கு யார்

அலுவலகத்தோடு அந்தத் தீவுக்குப் போனது நான் வேலையில் சேர்ந்த முதல் வருடம். ஆட்களைக் கடலுக்குள் மூழ்க அழைத்துப்போகும் கடையில், கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு பெண்மணி சாக்பீஸோடு நின்றிருந்தார். இதுவரை எத்தனை டைவ் என்று கேட்டார். கிணற்றில் குதித்து வளர்ந்த திமிரில் எட்டு என்றேன். என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டு நாலு என்று எழுதிக்கொண்டார். உண்மைக் கணக்கு மூன்று. இதில் போய் என்ன வாதாடுவது? அவர் காட்டிய படகில் ஏறிக்கொண்டேன். அன்று சாயங்காலம் படகுக்காரர் அவருடைய கதையில் பாதியைச் சொன்னார். மீதியை மறுநாள் அந்தப் பெண்மணியே சொன்னார்.

கடையில் அவருக்குப் பாதிக்காரி என்று பெயர். வருகிறவர்கள் எத்தனை டைவ் சொன்னாலும் அதில் பாதியைத்தான் கணக்கில் எடுப்பார் என்பதால் படகுக்காரர் வைத்தது. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவரும் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பார்.

அந்தக் கடைக்கு அவர் வந்தது பலகை எழுத அல்ல. கட்டியவர் வெளியூரில் வேலை என்று கிளம்பி, போன இடத்திலேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். அதன்பிறகு இரண்டு வருடம் அக்கா வீட்டில் இருந்தார். அக்கா வீடு என்றால் அத்தான் வீடு. வந்த அன்றைக்கு அத்தான், "இன்னொரு தட்டு வை" என்று மனைவியிடம் சொன்னார். அந்தப் பேச்சை அதற்கு மேல் அவர் எடுத்ததே இல்லை. குத்திக்காட்டியதும் இல்லை. அந்தத் தட்டைப் பாதிக்காரி மறக்கவில்லை.

தீவில் கிடைத்த வேலை, ரப்பர் உடைகளை அலசுவது. கடைக்குப் பின்னால் மூன்று பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள். ஒன்றில் சோப்பு, ஒன்றில் மருந்து, ஒன்றில் நல்ல தண்ணீர். உடைகளை மூன்றிலும் முக்கியெடுத்து, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி மாட்ட வேண்டும். கூடவே, திரும்பி வரும் சிலிண்டர்களின் முள்ளைப் பார்த்து, மிச்சக் காற்று எவ்வளவு என்று உரக்கச் சொல்ல வேண்டும். காற்றடைக்கும் கம்ப்ரசர்காரர் குறித்துக்கொள்வார். நிறைந்த சிலிண்டர் இருநூறு காட்டும். நிதானமாக மூச்சு விடுகிறவர் முக்கால் மணி நேரம் கழித்தும் எண்பதோடு திரும்புவார். பயந்தவர் இருபது நிமிடத்தில் உறிஞ்சித் தீர்த்துவிடுவார். முன்பக்கம் மேசையில் நூறு டைவ் என்று மார்தட்டியவரின் சிலிண்டர், பின்பக்கத்துக்கு முப்பதோடு வந்து சேரும். ஆறு மாதம் இரண்டு பக்கத்தையும் கேட்டுக்கொண்டே இருந்தவர் ஒருநாள் முதலாளியிடம் போய்ச் சொன்னார்: "சொல்றதுல பாதியத்தான் நம்பலாம் சார்."

அப்படியானால் யார் எந்த இடத்தில் இறங்குவது என்று நீயே பலகையில் எழுதிப் பாரேன் என்றார் முதலாளி, விளையாட்டாக. அந்த மாதம் பாதி வழியில் திரும்பியவர் ஒருவரும் இல்லை. விளையாட்டு வேலையாகிவிட்டது.

பலகையில் நாலு இடங்கள். தொட்டில் என்பது கரையோரம், மணல் தரை, அலையே இல்லாத வளைவு, முதல் தடவைக்காரர்களுக்கு. படிக்கட்டில் பாறை படிபடியாக இறங்கும். பயம் வந்தால் எந்தப் படியிலும் நின்றுகொள்ளலாம். சுவரில் நிற்க இடமில்லை. பாறை நேராக இறங்கும், கீழே வெறும் நீலம். கடைசியாகக் கழுத்து. இரண்டு பாறைத் திட்டுகளுக்கு நடுவே குறுகலான வழி. பெரிய மீனெல்லாம் அங்கேதான், நீரோட்டமும் அங்கேதான். கடல் ஏறி முடித்து இறங்கத் தொடங்கும் முன் அரை மணி நேரம் அசையாமல் கிடக்கும். அதைத் தாண்டினால் ஆளை அள்ளிக்கொண்டு போய் வெளிக்கடலில் விட்டுவிடும்.

விடிந்ததும் பாதிக்காரி படகுத்துறையின் முனைக்குப் போய், மிதவைக் கயிறு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். சுவரில் ஒட்டியிருக்கும் கடலேற்ற அட்டவணையைப் பார்ப்பார். பிறகு ஆட்களைப் பார்ப்பார். மாஸ்க் வாரைப் பிடித்த கை தடுமாறுகிறதா, சிலிண்டரைத் தூக்கியதும் தோள் மேலே ஏறுகிறதா, கடையில் சத்தமாகச் சிரித்தவர் துறைக்கு வந்ததும் வாயை மூடிக்கொள்கிறாரா. எதிரே நின்று, கண்ணை எடுக்காமல் பார்ப்பார். சிலருக்குக் கூச்சமாக இருக்கும். ஒருவர், என் கணக்கைப் பாதியாக்க நீங்கள் யார் என்று எகிறினார். படகுக்காரர்தான் நடுவில் புகுந்தார். "சார், எனக்கு வயசு அறுபத்திரெண்டு. அதையும் பாதியாக்கித் தாங்கன்னு அவங்ககிட்ட ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கேன். எழுதித் தர மாட்டேங்கறாங்க."

முதலாளி ஒரு நிபந்தனை வைத்திருந்தார். தண்ணீருக்குள் வழிகாட்டும் கைடோடு இறங்குகிறவர் அவரோடுதான் ஏற வேண்டும். அவர் எழுதிய இடத்திலிருந்து ஒரே ஒரு ஆள் தனியாக மேலே வந்தாலும் சாக்பீஸ் அன்றைக்கே முதலாளி கைக்கு வந்துவிட வேண்டும். மூன்று வருடம் அப்படி எதுவும் நடக்கவில்லை. வீட்டிலும் சரி, கட்டிக்கொடுத்த இடத்திலும் சரி, பாதிக்காரி சொல்லி யாரும் எதையும் செய்ததில்லை. இங்கே அவர் எழுதினால் படகு அங்கே போயிற்று.

நாலாவது வருடம் அக்காவும் அத்தானும் ஐந்து நாள் தங்க வந்தார்கள். அத்தான் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். இளவயதில் மூன்று வருடம் வெளிநாட்டுத் துறைமுகமொன்றில் வேலை பார்த்தவர். அந்த மூன்று வருடத்துக் கதை முப்பது வருடமாகத் தீர்ந்தபாடில்லை. கொழுந்தியாளின் ராஜ்ஜியத்தைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டே கடைக்குள் நுழைந்தார். அரை மணி நேரத்துக்குள் கம்ப்ரசரைப் பற்றியும் படகு எஞ்சினைப் பற்றியும் தன் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டார். படகுக்காரருக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. வாய்க்கு வாய் கிடைத்தால் விடுவாரா?

மறுநாள் கழுத்துக்குப் படகு போகிற நாள். பழகிய ஆட்கள் இருவர் ஏற்கனவே பலகையில் இருந்தார்கள். கழுத்தில் என்ன விசேஷம் என்று அத்தான் கேட்க, படகுக்காரர் இரண்டு கையையும் விரித்து மீனின் நீளத்தைக் காட்டினார். கை போதாமல் பக்கத்தில் நின்ற கைடின் கையையும் சேர்த்துக்கொண்டார். அப்படியானால் நானும் அங்கேதான் என்றார் அத்தான்.

எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. கேட்காமல் விடவும் முடியாது. பாதிக்காரி சாக்பீஸைப் பார்த்தபடி கேட்டார். "எத்தனை டைவ் பண்ணியிருக்கீங்க அத்தான்?"

"நாப்பது இருக்கும். துறைமுகத்துல சும்மா கெடக்கற நாளெல்லாம் அதான வேலை."

"அப்ப இருபது," என்றார் படகுக்காரர், பழக்க தோஷத்தில்.

கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அத்தான் சிரிக்கவில்லை. அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "யாருகிட்டடி பாதி போடுற? அவரு என்ன வழியில போறவரா?" என்றாள்.

பாதிக்காரி கழுத்துக்குக் கீழே 'அத்தான்' என்று எழுதி, பக்கத்தில் நாற்பது என்று போட்டார்.

பிறகு உடை மாற்றும் நேரம் வந்தது. மற்றவர்களாக இருந்தால் எதிரே போய் நின்றிருப்பார். ரப்பர் உடை உடம்போடு ஒட்டிப் பிடித்திருக்க, தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிற அத்தானை ஒரு கொழுந்தியாள் எப்படி ஏற இறங்கப் பார்ப்பது? அவர் சுவர்ப்பக்கம் திரும்பி, மனப்பாடமாகத் தெரிந்த அட்டவணையைப் படகு கிளம்பும்வரை படித்துக்கொண்டிருந்தார்.

தண்ணீருக்குள் நடந்ததைக் கைடு சொன்னார். இறங்கிப் பத்தாவது நிமிடம் அத்தானின் முள் நூறுக்குக் கீழே போய்விட்டது. கைடு அருகில் வரும்படி சைகை காட்டினார். அத்தான் அதை மேலே போ என்று எடுத்துக்கொண்டாரோ, பயத்தில் கையே தெரியவில்லையோ, விறுவிறுவென்று தனியாக ஏறிவிட்டார். மற்ற இருவரையும் விட்டுவிட்டுக் கைடு பின்னால் போக முடியாது. இறங்கவே தாமதமானதால், அசையாத அரை மணி அப்போதுதான் முடிந்திருந்தது. கடல் மேலே வந்தவரை அப்படியே எடுத்துக்கொண்டு போனது. கைடு மற்ற இருவரையும் ஏற்றிவிட்ட பிறகு படகுக்காரர் தேடத் தொடங்கி, அத்தானைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. காற்று நிரப்பிய ஜாக்கெட்டோடு, தாடை வரை தண்ணீரில், வெளிக்கடலில் மிதந்துகொண்டிருந்தார். உடம்பில் காயமில்லை. தூக்கிப் படகில் போட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "தண்ணி நல்லா இருக்கு."

முதலாளி அன்று தீவில் இல்லை, அக்கரைக்குப் போயிருந்தார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே, சீக்கிரம் ஏறினார் என்று மட்டும் பதிவேட்டில் எழுதிவிடலாம் என்றார் கைடு. படகுக்காரரும் தலையாட்டினார். பாதிக்காரி அறைக்குப் போனார்.

அவருடைய அறை கடைக்கு மேலே. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கடல் பக்கம் ஒரு சன்னல். அத்தான் சாப்பிட்டுக்கொண்டே அக்காவிடம் நீரோட்டத்தை விவரித்துக்கொண்டிருந்தார். வேறொருவனாக இருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்கிற இடத்துக்குக் கதை வந்திருந்தது. அக்கா தங்கையைப் பார்த்துத் திரும்பினாள்.

"இவ்ளோ மோசமான எடத்துக்கா அவர அனுப்பின? ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

அத்தான் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. கதை அங்கேயே நின்றுபோயிற்று. அக்கா பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

ஐந்து நாளுக்கு வந்தவர்கள் மூன்றாம் நாள் காலையிலேயே கிளம்பினார்கள். துறையில் அக்கா பைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது அத்தான் பாதிக்காரிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு பேரும் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாப்பதுன்னு சொன்னேன்ல."

"ஆமா அத்தான்."

"ரெண்டு. அதுல ஒண்ணு நீச்சல் குளம்."

பாதிக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. மனசுக்குள் கணக்குப் போட்டார். நாற்பதில் பாதி இருபது. இருபதுக்குச் சுவர் கொடுத்திருப்பார். கீழே தரை தெரியாத இடத்தில் அத்தானின் கதி இதைவிட மோசமாகவே ஆகியிருக்கும். மூன்று வருடமாகப் பாதிக் கணக்கு யாரையும் காப்பாற்றவில்லை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. எதிரே நின்று பார்த்ததுதான் காப்பாற்றியிருந்தது. அத்தானை அவர் பார்க்கவில்லை.

அக்காவும் அத்தானும் ஏறவேண்டிய படகில்தான் முதலாளி வந்து இறங்கினார். படகு கிளம்பும்வரை பாதிக்காரி காத்திருந்தார். அது துறையை விட்டு விலகியதும் அங்கேயே சொல்லிவிட்டார். "நீங்க இல்லாதப்ப கழுத்துல ஒருத்தர் தனியா மேல வந்துட்டாரு சார். எங்க அத்தான்."

"எத்தனைன்னு சொன்னாரு?"

"நாப்பது."

"நீ பாதி போட்டிருக்கணும்ல?"

"போட்டிருந்தாலும் தப்பாத்தான் சார் ஆகியிருக்கும். நான் அவரப் பாக்கவே இல்ல."

 முதலாளி கையை நீட்டினார். பாதிக்காரி இடுப்பில் முடிந்திருந்த சாக்பீஸை எடுத்துக் கொடுத்துவிட்டு, பின்பக்கம் தொட்டிகளுக்குப் போனார்.

அடுத்த நாட்களில் முதலாளியே எழுதினார். கடை நடத்துகிறவருக்கு வந்தவரிடம் முடியாது என்று சொல்ல வாய் வராது. ஐம்பது என்றவருக்கு ஐம்பது, நூறு என்றவருக்கு நூறு. எல்லோரும் கழுத்துக்குப் போனார்கள். சிலிண்டர்கள் இருபதோடும் பத்தோடும் வந்தன. பாதிக்காரி முள்ளைப் பார்த்துச் சொன்னார், கம்ப்ரசர்காரர் குறித்துக்கொண்டார். ஒன்பதாவது நாள் ஒரே படகிலிருந்து இறங்கியவர்களில் மூன்று பேர் ஆளுக்கொரு திசையில் தனியாக மேலே வந்தார்கள். மூவரையும் பொறுக்கியெடுத்துக்கொண்டு கரைக்கு வந்த படகுக்காரர், எஞ்சின் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒருத்தர் தனியா வந்ததுக்கு அந்தம்மா கையிலேர்ந்து சாக்பீஸ வாங்கினீங்க. மூணு பேர் வந்திருக்காங்க. இப்ப நான் யார் கையிலேர்ந்து வாங்கறது?"

கைடு பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கம்ப்ரசர்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து அவரும் உட்கார்ந்தார். முதலாளி மூவரையும் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு சாக்பீஸை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தார்.

கை ஈரமாக இருந்ததால் பாதிக்காரி உடனே வாங்கவில்லை. துடைத்துக்கொண்டே ஒன்று சொன்னார்: கடையில் வேலை செய்கிறவர்களின் சொந்தக்காரர் யார் வந்தாலும் அவர்களை உறவில்லாத ஒருவர்தான் பார்க்க வேண்டும், அவர்தான் எழுத வேண்டும். தன் சொந்தக்காரர்களை இனிமேல் படகுக்காரர் பார்ப்பார். முதலாளி அதையும் ஒப்புக்கொண்டார். அந்த வழக்கம் இன்றும் அந்தக் கடையில் இருக்கிறது.

அக்கா இரண்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு தானாகவே கூப்பிட்டாள். அத்தானைப் பற்றிக் கேட்டால் நன்றாக இருக்கிறார் என்பாள். போனை அவரிடம் கொடுப்பதில்லை. இருவரும் அதன்பிறகு தீவுக்கு வரவில்லை.

தீவின் மேற்குக் கரையில் முதலாளி இரண்டாவதாகத் திறந்த கடையில் பாதிக்காரி இப்போது பொறுப்பாளராக இருக்கிறார். படகுக்காரரும் அங்கே வந்துவிட்டார். இரண்டு படகுகள், ஆறு இடங்கள். பலகையைப் பாதிக்காரிதான் எழுதுகிறார்.