போஸ்டர் தின்னும் மாடு

ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, டீக்கடை பெஞ்சில் ஓர் அட்டைத் துண்டைக் காயவைத்திருக்கிறேன். தெருவில் பொறுக்கிய தீப்பெட்டிப் படமும் பஸ் டிக்கெட்டும் பீடிக்கட்டுக் காகிதமும் அதில் ஒட்டியிருக்கின்றன. பின்பக்கம் பெங்களூர் நண்பனின் முகவரி. குப்பையில் செய்த தபால் அட்டைகளை அவன் கண்காட்சியாக வைக்கிறான். இன்றைய தபாலில் போகாவிட்டால் என் அட்டைக்கு அங்கே இடமில்லை.

டீயோடு திரும்பினால், ஒரு மாடு அட்டையைத் தின்றுகொண்டிருக்கிறது.

"ஐயோ! போ! போ!" என்று குதிக்கிறேன். டீ முழுவதும் என் சட்டையில். மாடு அசையவில்லை.

"எதுல சார் ஒட்டுனீங்க?" என்கிறாள் கடைக்காரம்மா.

"மைதாப் பசைம்மா."

"அப்ப திங்காம என்ன பண்ணும்? போஸ்டர் தின்னே வளந்த மாடு. தமிழ்ல கத்துனா கேக்காது சார், கர்நாடகா பக்கம் அத்திப்பள்ளில வாங்குனது." மாட்டிடம் திரும்பி, "ஏய், ஹோகு!" என்று கன்னடத்தில் அதட்டுகிறாள். மாடு மரியாதையாக நகர்கிறது.

முகவரியும் ஸ்டாம்பும் தப்பித்திருக்கின்றன. நான் கையெழுத்திட்ட மூலையைத்தான் காணோம். அங்கே எச்சில் ஈரத்தோடு பிய்ந்திருக்கும் ஓரம், நான் ஒட்டிய எல்லாவற்றையும்விட அழகாக இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

பேனாவை எடுத்து, அந்த ஓரத்தில் "ஓசூர் மாடு" என்று கையெழுத்திட்டுத் தபால்பெட்டியில் போடுகிறேன்.