என்ன குடுக்கினம்?

வில்லரேயில் எங்களுக்குத் தமிழ்ப் பூசை நடக்கிற கத்தோலிக்கக் கோயிலின் பேஸ்மென்டில் ஒரு மியூசியம் இருந்தது. சோசலிச நாட்டில் சனம் எதில் சமைத்தது, எதில் குளித்தது, எதற்காகக் காத்து நின்றது என்று காட்டுகிற மியூசியம். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எனக்கு இருபத்துமூன்று வயது. யாழ்ப்பாணத்தில் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் கைவிட்டிருந்தோம். மொன்றியலில் அந்தக் கோயிலைக் கூட்டித் துடைப்பது என் வேலை. கீழே ஒரு மியூசியமும் இருக்கிறது, அதையும் கூட்ட வேண்டும் என்று வேலை தந்தபோது ஒருவரும் சொல்லவில்லை.

அதை நடத்தியவர் ருமேனியாவில் இருந்து வந்த ஒரு மடாம். அறுபது வயது இருக்கும். மியூசியம் முழுவதும் ஒற்றை அறைதான். அதற்குள் அடுப்போடு ஒரு குசினி, ஒரு சோபா, துணி விரித்த தொலைக்காட்சிப் பெட்டி, அதற்கு மேல் பச்சைக் கண்ணாடியில் ஒரு மீன். மூலையில் ஒரு கடை: தராசு, மேசை, பின்னால் வெறும் தட்டுகள். முதல் நாள் கூட்டத் தும்புத்தடியோடு போன நான் அந்தத் தட்டுகளைப் பார்த்துக் கேட்டேன்:

"சாமான் எப்ப வரும் மடாம்?"

"வராது."

"ஓடர் குடுக்கேல்லையோ?"

"இதுதான் சாமான். வெறும் தட்டு."

நாங்கள் கதைத்தது பிரெஞ்சில். அவருடைய பிரெஞ்சு இஸ்திரி போட்டது. என்னுடையது காற்றுப்போன சைக்கிள். அதனால் இரண்டையும் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

அடுத்த கிழமை என் பழைய பாஸ்போட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அதன் அட்டையில் இலங்கை ஜனநாயக சோசலிசக் குடியரசு என்று பெரிதாக அடித்திருக்கிறது.

"நானும் உங்கட ஆள்தான் மடாம். எனக்கும் ஒரு மூலை தாங்கோ."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்து எழுத்தாக வாசித்தார். "உங்கட நாட்டில சோசலிசம் உண்மையா இருந்ததோ?"

"அட்டையில மட்டும்தான்."

"எங்களுக்கும்," என்றார். சிரிக்கவில்லை. ஆனால் குசினி மூலையில் இருந்த பெரிய போத்தலைத் திறந்து, உப்பில் ஊறிய வெள்ளரிப்பிஞ்சு ஒன்றை முள்ளுக்கரண்டியால் குத்தித் தந்தார். அன்றிலிருந்து மியூசியத்தை நான் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் நேரமெடுத்தே கூட்டினேன்.

அவருடைய ஊரில் பால் வாங்குகிறவர்கள் வெறும் போத்தலை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்களாம். அவ்வளவு குளிர். போத்தல்தான் ஆள். நான் எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையைச் சொன்னேன். தொண்ணூறுகளில், சண்டையால் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வராத காலத்தில், மண்ணெண்ணெய் வரப்போகுது என்று ஒரு கதை காற்றில் வந்தால் போதும், பங்கீட்டுக் கூப்பன் மட்டையோடு ஊரே அங்கே நிற்கும். வெயில் ஏறியதும் ஆளுக்கொரு கல்லைத் தன் இடத்தில் வைத்துவிட்டு மாமரத்தடிக்குப் போய்விடுவார்கள். அம்மாவுடைய கல்லில் ஒரு பக்கம் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். ஒருநாள் எல்லோரும் கதையில் இருந்தபோது அதைக் காலால் மெல்லத் தள்ளி முன்னுக்கு விட்டேன். அம்மாவுக்கு எண்ணெய் கிடைத்தது. கண்டுபிடித்த பிறகு எனக்கு முதுகில் கிடைத்தது.

"அது களவு," என்றார் மடாம். பிறகு கேட்டார், "எத்தனை கல்லு தள்ளினாய்?"

"நாலு."

"நான் ரெண்டு போத்தலுக்கு மேல தள்ளினதில்லை."

இன்னொன்றும் சொன்னார். தெருவில் வரிசை ஒன்றைக் கண்டால் அங்கே முதலில் அதன் வாலில் போய் நின்றுகொள்வார்களாம். அதற்குப் பிறகுதான் முன்னால் நிற்பவரிடம் கேட்பார்கள்: என்ன குடுக்கினம்? விற்கிறார்கள் என்ற சொல்லே அந்த வரிசையில் கிடையாதாம். எனக்குத் தும்புத்தடி கையில் நின்றுவிட்டது. சங்கக்கடை வாசலில் நாங்களும் இந்த இரண்டு சொல்லைத்தான் கேட்டோம்.

அந்தக் கார்த்திகையில்தான் பிரச்சினை வந்தது. கோயில் பங்குச் சபைத் தலைவர் இந்த ஊர் மனிதர், ஆறடிக்கு மேல் உயரம். நான் வைத்த பெயர் ஏணி. ஒருவரும் வராத மியூசியத்துக்கு அறை எதற்கு, பழைய உடுப்பு விற்க எங்களுக்கு இடமில்லை என்றார் ஏணி. வருகிற ஞாயிறு பின்னேரம் தானே வந்து பார்ப்பாராம். கதவடியில் சனம் நின்றால் அறை மடாமுக்கு. இல்லாவிட்டால் நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். மடாம் குடியிருந்ததும் ஒற்றை அறைதான். மியூசியம் முழுவதும் றோட்டுக்கரைக்குத்தான் போகும். தூக்கிக்கொண்டுபோய் வைக்கிற வேலை எனக்கு.

சனிக்கிழமை நான் போனபோது அவர் கண்ணாடி மீனைப் பேப்பரில் சுற்றி ஒரு பெட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் மடாம் இப்பவே?"

"மீன்தான் முதல்ல உடையும்."

"மூடியைப் போடாதேங்கோ. நான் சனம் கொண்டாறன்."

"ஆரை?"

"எங்கட ஆக்களை."

அன்று பின்னேரம் முழுக்க டெலிபோனில் நின்றேன். லாசால் பகுதியில் இருந்த அன்ரி ஒருவர், "நாங்கள் கியூவில நிண்டது காணாதே, அதைப் போய்ப் பாக்க வேற வேணுமே?" என்று கேட்டார். பாட்டுக்குழுவில் பாடுகிற அண்ணை, "அங்க என்னடா கிடக்கு?" என்றார். "ஒண்டும் இல்லை அண்ணை, அதுதான் விசேஷம்," என்றேன். டெலிபோனை வைத்துவிட்டார். எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. சனத்தை வரச்சொல்லிக் கேட்கக்கூடாது. வரிசையைத்தான் காட்ட வேண்டும்.

ஞாயிறு பின்னேரப் பூசைக்கு முன்னம் கோயில் பூப்பாத்தியில் இருந்து மூன்று கல்லை எடுத்துக் கழுவி, மியூசியக் கதவில் இருந்து வரிசையாக வைத்தேன். நாலாவதாக, என்னோடு பூசைக்கு வந்த அம்மாவின் கைப்பை. குளிர்கோட் கழற்ற எல்லோரும் அந்த வழியால்தான் வரவேண்டும். முதலில் வந்தவர் அதே பாட்டுக்குழு அண்ணை. கல்லைப் பார்த்தார். பையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"என்ன குடுக்கினம்?"

"தெரியாது அண்ணை. எல்லாருக்கும் காணாதாம், கொஞ்சந்தான் இருக்காம்."

அந்த இரண்டாவது வசனத்துக்காகப் பிறகு சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். அண்ணை தன் குடையைப் பைக்குப் பின்னால் வைத்தார். பிறகு ஒரு கையுறை வந்தது, ஒரு குழந்தைத் தொப்பி, தெருமுனைத் தெப்பனேர் கடைப் பை ஒன்று, ஒற்றைப் பூட்ஸ். மணி அடிக்கும்போது வரிசை படியில் ஏறிவிட்டது. எல்லோரும் மேலே பூசைக்குப் போய்விட்டார்கள்.

ஏணி வந்தது பூசை நடுவில். மடாம் கதவைத் திறந்து, வாயில் கையை வைத்தபடி அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சனம் எங்கே?" என்றார் ஏணி.

"நிக்கினம்," என்றார் மடாம். பிறகு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு நடந்தார். "இது ஒருவர். இது ஒருவர். இந்தக் குடை ஒருவர்."

"மடாம், இது ஒரு பூட்ஸ்."

"ஓம். அவர் வருவார். இந்தக் குளிருக்குள்ள ஒற்றைப் பூட்ஸோட எங்க போறது?"

ஏணி படியில் குந்தினார். எங்கள் சுவாமியாரின் பிரசங்கம் நீளத்துக்குப் பேர்போனது. ஏணி இரண்டு தரம் எழும்பினார். இரண்டாம் தரம் கோட்டுக்குப் பொத்தானும் போட்டுவிட்டார். மடாம் உள்ளே போய் மீன் கிடந்த பெட்டியின் மூடியைச் சாத்தினார். அப்போதுதான் மேலே கடைசிப் பாட்டு தொடங்கியது. பாட்டு முடிய முதலே படியில் காலடிச் சத்தம் கேட்டது.

"அண்ணை, உங்கட குடை எனக்குப் பின்னால கிடந்தது."

"குடை சரிஞ்சதடா. குடை சரிஞ்சால் ஆளும் பின்னுக்குப் போறதோ?"

"இந்தக் கல்லு ஆற்ற? ஆள் இல்லாத கல்லை அங்கால எடுங்கோ."

"தொடாதை," என்றார் அம்மா. "அது இவன்ர தேப்பனுக்கு."

"அவர் எங்க அக்கா?"

"வேலையில. பேந்து வருவார்."

ஏணி என்னிடம் ஏதோ கேட்க முன்னுக்கு வந்தார். "மிசியூ, கியூ," என்று நாலைந்து கைகள் வாலைக் காட்டின. அந்த உயரமான மனிதர் போய்ப் பூட்ஸ்காரருக்குப் பின்னால் நின்றார். அவருக்குப் பின்னால் நான்.

உள்ளே போனவர்கள் வெறும் தட்டுகளைப் பார்த்தார்கள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"எங்கயடா சாமான்?" என்றார் அண்ணை. "நீ இண்டைக்குச் செத்தாய்."

லாசால் அன்ரிதான் என்னைக் காப்பாற்றினார். கண்ணாடிக்குள் இருந்த ஒரு மட்டையில் விரலை வைத்து, "இஞ்ச பாருங்கோ, கூப்பன்," என்றார். "இவையளுக்கும் கட்டம் போட்டுத்தான் குடுத்திருக்கினம்." அவ்வளவுதான். ஒருவர் மண்ணெண்ணெய்க் கதையைத் தொடங்கினார், ஒருவர் சவுக்காரம் இல்லாமல் உடுப்புத் தோய்த்த கதையை. பிள்ளைகள் பிரெஞ்சில் ஏதோ கேட்டார்கள். தாய்மார் தராசைக் காட்டித் தமிழில் பதில் சொன்னார்கள். அந்த அறையில் அவ்வளவு சத்தத்தை நான் முன்னம் கேட்டதில்லை.

"என்ன கேக்கினம்?" என்றார் மடாம் என்னிடம்.

"முதல்ல கேட்டதுதான் மடாம். என்ன குடுக்கினம் எண்டு."

அவர் குசினி மூலைக்குப் போய்ப் பெரிய போத்தலைத் தூக்கி வந்து கடை மேசையில் வைத்தார். முள்ளுக்கரண்டியை எடுத்தார். ஆளுக்கு ஒரு வெள்ளரிப்பிஞ்சு. இரண்டாவது கேட்ட அண்ணைக்குத் தலையை மட்டும் ஆட்டினார். அம்மா கடித்துப் பார்த்து, "உப்புச் சரி. மிளகாய் போட்டிருக்கலாம்," என்றார். போத்தலில் கடைசிப் பிஞ்சு ஏணிக்குப் போனது. நான் கையை நீட்டினேன். மடாம் போத்தலைச் சரித்துக் காட்டினார்.

"முடிஞ்சுது."

அந்த முகத்தை எனக்குத் தெரியும். எங்கள் சங்கக்கடை மனேச்சர் வெறும் மண்ணெண்ணெய்ப் பரலைக் காட்டும்போது இதே முகம்தான், கோபமும் இல்லை, கவலையும் இல்லை. சின்ன வயதில் அந்த முகத்தைப் பார்த்து வீடுவரை அழுதுகொண்டு போயிருக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஏணி பிஞ்சைச் சப்பி முடித்தார், விரலைத் துடைத்தார். பழைய உடுப்பை மேல் மாடியில் விற்கலாம் என்றார். போகும்போது அடுத்த தரம் குடுப்பது எப்போது என்று கேட்டார். மடாம் மீனைப் பேப்பரில் இருந்து எடுத்துத் துடைத்துத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே வைத்தார்.

அப்பா வேலையால் வர இரவாகிவிட்டது; அவருக்கென்று அம்மா பிடித்துவைத்த கல்லை எடுக்க ஒருவரும் வரவில்லை. மடாம் அதைக் கடை மேசைக்கு முன்னால் நிலத்தில், இரண்டு பால் போத்தல்களுக்குப் பின்னால் வைத்தார். சனிக்கிழமை கூட்டும்போது நான் அதைக் காலால் ஒரு போத்தல் முன்னுக்குத் தள்ளிவிடுவேன். அடுத்த சனிக்கிழமைக்கு முன்னம் மடாம் அதைப் பழையபடி வாலில் வைத்துவிடுவார். பனி உருகத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, நான் உள்ளே போகும்போதே கல் இரண்டு போத்தலையும் தாண்டி முதலாவதாக நின்றது. அன்று அதைத் தொடாமல், சுற்றிவரக் கூட்டிவிட்டு வந்தேன்.