தரையில் ஒட்டிய குறி

பேய்க் கதை எழுதுகிறவர்களை இருபது வருடமாகப் பத்திரிகையில் கிண்டல் செய்தே பிழைத்தவன் நான். நள்ளிரவு, நாய் ஊளை, மல்லிகை வாசனை என்று ஒருவர் ஆரம்பித்தாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். இப்போது நானே எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதில் எனக்கு மானம் போவதைத் தவிர வேறு லாபம் கிடையாது. அதனாலேயே நீங்கள் நம்பலாம்.

நள்ளிரவெல்லாம் இல்லை. போன ஐப்பசி. மழை விட்டிருந்த ஒரு மத்தியானம். சாப்பாட்டு நேரம்.

கரிக்கலாம்பாக்கத்தை ஒட்டி, வயலை பிளாட் போட்டு ஒரு நகர் வந்திருக்கிறது. பெயர் ‘ராயல் பாரடைஸ் சிட்டி’. சிட்டியில் மொத்தம் ஏழெட்டு வீடு, மூன்று பக்கமும் நெல். எந்த வீட்டைவிடவும் நுழைவாயில் ஆர்ச்தான் உயரம். அங்கே ஒரு வாடகை வீட்டின் ஹாலில் கலைவேந்தனும் உஷாராணியும் கேம் கம்பெனி நடத்தினார்கள். கலைவேந்தனின் விசிட்டிங் கார்டில் ‘தலைமைத் தொலைநோக்கு அதிகாரி’ என்று அச்சடித்திருந்தது. அன்று காலை அதிகாரியின் பைக் சேற்றில் சிக்கி, நானும் உஷாராணியும் தள்ளினோம்.

கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு துப்பாக்கிச் சண்டை கேமை, டி.வி.யில் மாட்டும் கன்சோலுக்கு மாற்றித் தருவதுதான் அவர்கள் வேலை. வேலை கொடுத்த பெங்களூர்க்காரர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். பழைய கேமை வருடக்கணக்கில் ஆடிய வெளியாள் ஒருவர் ஆடிப் பார்த்துத் தேறுமா, தேறாதா என்று சொல்ல வேண்டும். வில்லியனூரில் நரைத்த தலையோடு அதை ஆடிக்கொண்டிருக்கும் ஒரே ஆள் நான். சாயங்காலத்துக்குள் தீர்ப்பு. நான் தேறாது என்றால் வேலை கைமாறிப் போகும். திருபுவனை பேக்டரியில் ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு வந்த உஷாராணி, திங்கட்கிழமை மறுபடி அந்த பேக்டரி பஸ்ஸில் ஏற வேண்டும்.

கம்ப்யூட்டரில் மவுஸ் இருக்கிறது. நினைத்த இடத்தில் குறி நிற்கும். கன்சோலில் கட்டைவிரலால் ஒரு சின்ன ஸ்டிக்கைத் தள்ளித்தான் குறி பார்க்க வேண்டும். கயிறில்லாமல் எருமை ஓட்டுகிற மாதிரி. அதனால் கேமே கொஞ்சம் கை கொடுக்கும். எதிரிக்குப் பக்கத்தில் குறி போனால் மெல்ல இழுத்து அவன்மேல் ஒட்டவைக்கும். எய்ம் அசிஸ்ட் என்பார்கள். அதை எழுதியவள் உஷாராணி.

“நெஞ்சுலதான் சார் ஒட்டும். வேற எங்கியும் ஒட்டாது. அதுவும் உசுரோட இருக்கறவன் மேலதான். செத்துட்டா வுட்டுரும்.”

“நல்ல குணம்மா. சொந்தக்காரங்க மாதிரி.”

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியில் இரண்டு காலையும் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தொலைநோக்கு அதிகாரியும் அப்படியே.

“இன்னாப்பா இது, ஆபீஸா, கல்யாணப் பந்தியா?”

“தரை ஜில்லுனு இருக்கும் சார்,” என்றான் கலைவேந்தன். “நீங்களும் தூக்கி வெச்சிக்குங்க.”

“எனக்கு முட்டி மடங்காது.”

சுட்டுப் பார்க்க ஓர் அறை வேண்டுமே என்று, அந்த ஹாலையே அச்சு அசலாக கேமுக்குள் செய்து வைத்திருந்தார்கள். அதே பின்கதவு, அதே மேசை, அதே தண்ணீர் கேன். திரைக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்த நாற்காலிகூட இருந்தது. காலியாக.

“நீ கிளம்பு தாயே,” என்றேன் உஷாவிடம். “கடிக்கறதுக்கு உன் கைல நகமே மிச்சமில்ல.”

இருவரும் சாப்பாடு வாங்கப் போனார்கள். மணி 1:40.

ஆடினேன். எட்டு எதிரிகள். ஒவ்வொருவன் நெஞ்சிலும் குறி பசை மாதிரி ஒட்டியது. சுட்டதும் விட்டது. நன்றாகவே செய்திருந்தாள். திரை மூலையில், ‘எதிரிகள்: 0’.

அதோடு எழுந்திருக்கலாம். குறை கண்டுபிடிக்காமல் எழுந்து பழக்கமில்லை. காலி ஹாலில் சும்மா குறியைச் சுற்றவிட்டேன்.

பின்கதவு பக்கம் வந்தபோது குறி தயங்கியது.

இழுத்தது... கீழே. தரையை நோக்கி. டைல்ஸ்மேல் போய் ஒட்டிக்கொண்டது.

அகப்பட்டாள் என்று ஒரு கணம் சந்தோஷம். அடுத்த கணம் பேக்டரி பஸ் ஞாபகம் வந்தது. ஸ்டிக்கை விலக்கிப் பார்த்தேன். திரும்ப அதே இடம். எதிரிகள்: 0.

1:52. குறி நகர்ந்தது.

நான் ஸ்டிக்கைத் தொடவில்லை.

தரையோடு தரையாக நகர்ந்தது. ஆள் நடக்கிற வேகம். சுவரை ஒட்டியல்ல, குறுக்கே. மேசை வழியாகப் புகுந்து வந்தது.

சளக்... சளக்...

சேற்றில் கால் வைத்து எடுக்கிற சத்தம். டைல்ஸ் தரைக்குச் சேற்றுச் சத்தம் வைத்திருக்கிறார்கள், மடையர்கள் என்று நினைத்தேன்.

சளக்... சளக்...

நேராக என் நாற்காலிக்கு வந்தது. கேமில் இருந்த காலி நாற்காலிக்கு.

நின்றது.

ட்ரிக்கரில் விரல் இருந்தது. சுடவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

இடது கெண்டைக்காலில் ஏதோ பட்டது.

ஈரக் காற்று.

நின்றது... மறுபடி பட்டது.

மூச்சு விடுவது போல.

குனிந்து பார்க்கவில்லை.

வாசலில் பைக் சத்தம். குறி விடுபட்டு ஆடியது.

“சார்...” உஷாராணி பொட்டலத்தோடு நின்றாள். “தேறுமா?”

“தேறும்மா. இருக்கறத, இருக்கற இடத்துலயே புடிக்குது.” திரையைக் காட்டினேன். “அந்தச் சேத்துச் சத்தத்த மட்டும் எடுத்துரு.”

“சத்தமா? அந்த ரூமுக்கு இன்னும் சத்தமே போடல சார்.”

கலைவேந்தன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். “முட்டி மடங்காதுன்னீங்க?”

அப்போதுதான் கவனித்தேன். என் இரண்டு காலும் நாற்காலிமேல் இருந்தன.

பெங்களூரில் ஏற்றுக்கொண்டார்கள். உஷாராணி பஸ் ஏறவில்லை. கதை அங்கேயே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

கார்த்திகையில், டீக்கடையில் அந்த வீட்டுக்காரர் பாக்யராஜைப் பார்த்தேன். அந்த வருட மழையில் தன் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்று பெருமை.

“வயல ஒசத்த மத்தவன்லாம் ரெண்டடி மண்ணு அடிப்பான் சார். நான் நாலடி அடிச்சேன். வயலுக்குக் குறுக்கால ஜனங்க நடக்கற ஒத்தையடிப் பாதை ஒண்ணு இருந்திச்சி. அதயும் சேத்து மூடிட்டேன்.”

“எந்தப் பக்கம்?”

“இப்ப பின்கதவு இருக்குதே, அங்கேர்ந்து நேரா ஹால் நடுவுல.”

“அப்புறம் ஜனங்க எப்படிப் போறாங்க?”

“சுத்திக்கினுதான் போறாங்க.”

“எல்லாருமேவா?”

பாக்யராஜ் டீயை மீதி வைத்துவிட்டு எழுந்து போனார்.

நான் கணக்குப் போட்டேன். பழைய பாதையில் நிற்கிற ஆளின் நெஞ்சு, நாலடி உயரத்தில். அதுதான் இப்போதைய டைல்ஸ். தலை மட்டும் டைல்ஸுக்கு மேலே.

கெண்டைக்கால் உயரத்தில்.

உஷாராணிக்குப் போன் செய்தேன். “குறி ஒட்டறது நெஞ்சுலதானம்மா?”

“ஆமா சார். ஏன்?”

“சும்மாதான்... காலை மேலயே வெச்சிக்கோ.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல, மெதுவாகக் கேட்டாள்.

“உங்களையும் நிமிந்து பாத்துச்சா சார்?”