உட்காராத தபித்தாளும் உருளை மெஷினும்

தபித்தாளுக்கு உட்காரத் தெரியாது. ஒன்பது வருஷமாக ஒரே அறையில் அவளோடு வேலை பார்ப்பவள் நான், அன்னக்கிளி. என் பேச்சை நம்பலாம். டீ குடிக்கும்போது நடப்பாள். போனில் பேசும்போது நடப்பாள். சர்ச்சில் கடைசி பெஞ்சுதான் அவளுக்கு. பிரசங்கம் முடிவதற்குள் மூன்று தடவை வெளியே போய்ச் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாளாம். ராத்திரி தூக்கமும் சரியாக வராது. சின்ன விஷயத்துக்கெல்லாம் சுள்ளென்று கோபம் வரும். "கால்ல சக்கரத்தக் கட்டிட்டுப் பொறந்தியாடி?" என்று நான் கேட்காத நாள் கிடையாது. அவளும் சிரித்துக்கொண்டே இன்னொரு சுற்று நடப்பாள்.

எங்கள் பட்டறை குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே, படிக்கட்டில் பாதி தூரத்தில் இருக்கிறது. வெலிங்டன் ராணுவ முகாமில் பயிற்சி முடித்துப் போகிற பையன்களுக்கு நினைவுப் பரிசு செய்கிறோம். ஒரு தேக்குக்கட்டை, அதன்மேல் நிமிர்ந்து நிற்கும் ஒரு பித்தளைத் தோட்டா உறை, கீழே பையனின் பெயர். அவ்வளவுதான். ஆனால் அதைக் கையில் வாங்கும்போது அப்பன்மார்கள் அழுகிற அழுகையைப் பார்க்க வேண்டும்! உறைகளெல்லாம் சுட்டு முடித்தவை. மறுபடி சுட முடியாதபடி பக்கவாட்டில் ஓட்டை போட்டு, ராணுவத்தின் சான்றுக் காகிதத்தோடு மூட்டையில் வரும். பார்க்கக் கரிச்சட்டியின் அடிபோல இருக்கும். தபித்தாள் அவற்றைச் சுத்தம் செய்வாள். எங்களில் சின்னவள் ஃபெபி கட்டையில் பொருத்துவாள். பெயர் வெட்டுவது நான்.

சுத்தம் செய்ய அப்போது இருந்தது பழைய அதிர்வு மெஷின். ஒரு தொட்டி, உள்ளே மக்காச்சோளச் சக்கைத் தூள். ஸ்விட்சைப் போட்டால் தொட்டி நடுங்கும், தூளுக்குள் உறைகள் உரசி உரசிப் பளபளப்பாகும். பிறகு எல்லாவற்றையும் சல்லடையில் கொட்டித் தபித்தாள் சலிப்பாள். அப்போது சாம்பல் நிறத்தில் ஒரு தூசி எழும்பும். இருமிக்கொண்டே சலிப்பாள்.

ஜன்னலைத் திறந்து வைக்கலாமே என்று கீழ்நாட்டுக்காரர்கள் கேட்பார்கள். இந்த ஊரில் ஜன்னலைத் திறந்தால் பனி நேராக மடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கோ மூட்டு வலி. காலையில் வந்ததும் என் முதல் வேலை ஜன்னலைச் சாத்துவது. சாத்தினால் போதாதென்று இடுக்கில் பழைய துணியை வேறு திணிப்பேன். தபித்தாள் சில சமயம் திறப்பாள். "ஏன்டி, என்னைக் கொல்லப் பாக்கறயா?" என்று கத்துவேன். மறுபடி சாத்திவிடுவாள்.

போன செப்டம்பரில் அந்த மெஷின் மோட்டார் கருகி நின்றுபோனது. அதே வாரம் மூட்டை கொண்டுவந்த வெள்ளியங்கிரி அண்ணன், ஃபெபி சல்லடைப் பக்கத்தில் நின்று வர்க்கி பிஸ்கட் தின்பதைப் பார்த்துவிட்டார். அவர் ஓய்வு பெற்ற ஹவில்தார்.

"ஏன் கண்ணு, கையக் கழுவாம திங்கற? உறையோட அடியில வெடிக்கிற மருந்துல ஈயம் இருக்குது. சுட்டு முடிச்சாலும் அந்தத் தூசி உள்ள ஒட்டிட்டிருக்கும். ரேஞ்சுல நாங்க சோப்புப் போட்டுக் கழுவாம தண்ணிகூடக் குடிக்க மாட்டோம்."

அவர் போய்விட்டார். தபித்தாளின் நடை மட்டும் அன்றைக்கு நிற்கவே இல்லை. காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஃபெபிக்கு அப்போது ஐந்தாவது மாசம். கல்யாணமாகி ஏழு வருஷம், இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாகத் தங்கியது. வேலையை விடவும் வழியில்லை. புருஷன் சீசனுக்கு டாக்ஸி ஓட்டுகிறவன், மழைக்காலம் வந்துவிட்டால் வீட்டில்தான் இருப்பான்.

முதலாளி பிரசாத் நல்ல பையன்தான், ஆனால் அவசரக்குடுக்கை. டிசம்பரில் நானூறு பரிசு கொடுத்தாக வேண்டும். "பழசு மாதிரியே ஒண்ணு சொல்லிட்டேனுங்க்கா. நாளைக்கழிச்சு வந்துரும்" என்றான்.

"அதக் கேன்சல் பண்ணுங்க தம்பி" என்றாள் தபித்தாள். "தூசி பறக்கற மெஷினு இனி இந்த ரூமுக்குள்ள வரக் கூடாது. தண்ணியில கழுவற உருளை மெஷினு இருக்குதாம். போன்ல பாத்தேன். அழுக்கெல்லாம் தண்ணியோட போயிரும்."

"தண்ணியா? அதுக்குள்ள போட்டுத் தேய்க்க எவர்சில்வர் ஊசி வேணும், மருந்து வேணும், காயவெக்கணும். யாருக்குங்க்கா நேரமிருக்குது?"

"வவுத்துப் புள்ளக்காரி இங்க நிக்கறா. அவளுக்கு முன்னால இதச் சொல்லுங்க பாக்கலாம்."

ஃபெபி தலையைக் குனிந்துகொண்டாள். பிரசாத் முகம் செத்துப்போயிற்று. "பத்து நாள் தாரேன். அதுக்குள்ள சரியான மெஷினக் கண்டுபுடிச்சுட்டு வாங்க. இல்லீனா பழசுதான்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனான்.

மறுநாளே முதல் பஸ்ஸில் தபித்தாள் கோயமுத்தூர் கிளம்பினாள். துணைக்கு நான். அவள் டிபன் பாக்ஸில் சோறு இருக்கும் என்று பார்த்தால் இருபது கறுப்பு உறைகள்! பர்ஸில் அதற்கான காகிதம். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தவள் பாதி மலை இறங்கிப் பர்லியார் வருவதற்குள் நாலு தடவை எழுந்துவிட்டாள். கண்டக்டரே, "ஏம்மா, எறங்கணுமா?" என்று கேட்டான். எனக்கு மானம் போயிற்று.

முதல் கடையில் காட்டியது நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் குட்டி உருளை. ஒரு தடவைக்குப் பத்து உறைதான் கொள்ளும். நானூறு முடிவதற்குள் ஃபெபி பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். இரண்டாவது கடையில் பெரிய இரும்பு உருளை. ஓடவிட்டால் ஓட்டுக்கூரை மேல் ஆலங்கட்டி மழை பெய்வதுபோல் சத்தம். மூடியோரத்தில் தண்ணீர் கசிந்தது. தபித்தாள் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதக் கொண்டுட்டுப் போனா ரூமே குளமாயிரும்" என்று திரும்பிவிட்டாள்.

மூன்றாவது, காந்திபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். உள்ளே ரப்பர் ஒட்டிய ஆறு பட்டை உருளை, மோட்டார் தனியாக வெளியே. "ஓட்டிக் காட்டுங்க" என்றாள். இருபது உறைகள், தண்ணீர், ஒரு கரண்டி எலுமிச்சை உப்பு, பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம், இரண்டு கை நிறையக் குட்டிக் குட்டி எவர்சில்வர் ஊசிகள். மூடி இறுக்கிச் சுற்றவிட்டார்கள். இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரமும் இவள் கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

"அம்மா, தயவுசெஞ்சு உக்காருங்க. எனக்குத் தலை சுத்துது" என்றார் கடைக்காரர்.

"அவளுக்கு அது வராதுங்க. நீங்க வேணா கண்ண மூடிக்குங்க" என்றேன் நான்.

மூடியைத் திறந்ததும் வந்த தண்ணீர் காபி டிகாக்ஷன் கறுப்பு. தபித்தாள் அப்போதுதான் நின்றாள். வாளியைக் குனிந்து பார்த்தபடியே இருந்தாள்.

"இருவது உறையில இத்தனையாக்கா! இதத்தான் நாம மூக்குல இழுத்துட்டிருந்தோமா?"

நான் முந்தானையால் மூக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டேன்.

உறைகள் உள்ளும் புறமும் தங்கமாகத்தான் இருந்தன. ஆனால் அவள் விடவில்லை. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். மூன்றில், பக்கவாட்டு ஓட்டையில் இரண்டு ஊசிகள் ஜோடியாகச் செருகி இறுகியிருந்தன. ஊக்கால் நெம்பினாலும் வரவில்லை. "வேற தடிமன்ல ஊசி குடுங்க. ரெண்டு சேந்தா இந்த ஓட்டைக்குள்ள நொழையவே கூடாது" என்று மறுபடி ஒரு ஓட்டம் ஓடவைத்தாள். கடைக்காரர் பாவம், சாப்பாட்டுக்குக்கூடப் போகவில்லை. இந்தத் தடவை ஒன்றில்கூட ஊசி இல்லை. கறுப்புத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, பேரலில் சேர்த்துக் கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுக்க வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டாள்.

ஊருக்கு வந்து பிரசாத்திடம் உறைகளைக் காட்டினோம். அவன் வாய் பிளந்தான். மறுநாள் காலையில் அதே வாய் மூடிக்கொண்டது. ஓரிரண்டைத் தண்ணீரில் அலசி காய்கிறதா என்று மேஜைமேல் துணியில் பரப்பி வைத்துப் பார்த்திருக்கிறான். விடிந்து பார்த்தால் பழுப்புப் பழுப்பாகத் திட்டு.

"பாத்தீங்களா? இந்த ஊர்ல கைக்குட்டையே மூணு நாளைக்குக் காயாது. பித்தளை எப்படிங்க்கா காயும்? கீழ வர்க்கிக் கடை அடுப்புல வேணா வெச்சு எடுக்கலாம். மத்தியானம் சும்மாதான கெடக்குது?"

தபித்தாள் கையில் இருந்த டீ டம்ளரை நங்கென்று வைத்தாள். "ஊரே திங்கற வர்க்கி வேகற அடுப்புலயா? உங்களுக்கென்ன பைத்தியமா தம்பி?"

வெயிலுக்காகக் காத்திருந்தே பத்து நாளில் எட்டு போய்விட்டது. அவளுக்கு வழி தெரியவில்லை. நடந்தாள், ஜன்னலோரம் போனாள், வந்தாள். ஃபெபி, "விடுங்க்கா, நான் மூக்குல துணியக் கட்டிட்டுத் தள்ளி நின்னுக்கறேன்" என்று அழுதாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம்.

"அட, பீரோல பல்பப் போடுங்கப்பா!" என்று கத்தினேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இதில் என்ன அதிசயம்? எங்கள் வீட்டில் பட்டுச்சேலை பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பு வருஷமெல்லாம் எரியும். மலையில் பாதி வீட்டில் இதுதான் நடப்பு. பட்டறை மூலையில் துருப்பிடித்த பீரோ ஒன்று சும்மா கிடந்தது. கீழ்த்தட்டில் இரண்டு நூறு வாட் பல்பு, மேலே கம்பித் தட்டுகளில் உறைகள். ஒரு மணி நேரத்தில் சூடாக, காய்ந்து, ஒரு திட்டும் இல்லாமல் வந்தன. தபித்தாள் என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். "ஸ்தோத்திரம்! ஒம்பது வருஷத்துல மொதல் தடவ மூளையா ஒரு வார்த்த பேசினீங்க்கா." பிரசாத் அங்கேயே கோயமுத்தூருக்கு போன் போட்டான்.

மெஷின் வந்தது. நானூறும் முடிந்தது. ஆனாலும் தபித்தாளுக்கு மனசு ஆறவில்லை. ஃபெபி பிள்ளைவயிற்றோடு ஐந்து மாசம் அந்தத் தூசியில் நின்றவளாயிற்றே. ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ஃபெபி ஊசிக்குப் பயந்து, "நீங்க ரெண்டு பேரும் குடுத்தாத்தான் நானும் குடுப்பேன்" என்று அடம் பிடித்தாள். சரியென்று நாங்களும் கை நீட்டினோம். தபித்தாள் நின்றபடியே கொடுக்கப் பார்த்தாள். நர்ஸ் அதட்டி உட்கார வைத்தாள்.

ஒரு வாரம் கழித்துக் காகிதம் வந்தது. டாக்டரம்மா முதலில் ஃபெபியுடையதைப் பார்த்தார். "பயப்படற அளவுக்கு இல்ல. நல்ல நேரத்துல மாத்திட்டீங்க." ஃபெபி அங்கேயே விசும்பி அழுதாள். என் ரத்தத்திலும் ஈயம் கொஞ்சம்தான் என்றார். தபித்தாள் கர்த்தருக்கு நன்றி சொல்லிக்கொண்டே எழுந்து கதவுப் பக்கம் போய்விட்டாள்.

"தபித்தாள் யாரு? நீங்க உக்காருங்க" என்றார் டாக்டரம்மா. மூன்றாவது காகிதத்தை இரண்டு தடவை படித்தார். "தூக்கம் வருதா? கை நடுங்குதா? எரிச்சல் வருதா? ஒரு எடத்துல உக்கார முடியாமத் தவிப்பா இருக்குமா?"

"அது எம் பொறவியே அப்பிடித்தானுங்க டாக்டர். அக்காகிட்டக் கேளுங்க" என்று சிரித்தாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பொறவின்னு சொல்லிற முடியாதுங்கம்மா. ஈயம் இத்தனை இருந்தா இதெல்லாம் வரும். எவ்வளவு நாளா இருக்கு?"

தபித்தாள் யோசித்தாள். "இங்க சேந்ததுக்கு அப்பறம்தானுங்க" என்றாள் மெதுவாக. சேருவதற்கு முன்னால் அவள் பத்து வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்து வேலை பார்த்தவளாம். எனக்கு அது தெரியவே தெரியாது. ஒன்பது வருஷமாக நான் அவளைக் கேட்டதெல்லாம் சக்கரத்தைப் பற்றித்தான்.

"சலிக்கறப்ப ஜன்னலத் தொறந்து வெப்பீங்களா?"

இடுக்கில் நான் திணித்த துணி கண்முன் வந்து நின்றது. தபித்தாள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குளிருங்க டாக்டர். எங்க ஊர்ல எல்லாருமே சாத்தித்தானுங்க வெப்போம்."

எல்லோரும் என்றாள்.

ஆறு மாசம் அந்த அறைப்பக்கம் போகக் கூடாது, மாத்திரை சாப்பிட வேண்டும், மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பிரசாத் சம்பளத்தை நிறுத்தவில்லை. உருளை மெஷினை இப்போது கையுறை போட்டுக்கொண்டு நான்தான் ஓட்டுகிறேன். தபித்தாளால் வீட்டில் இருக்க முடியுமா? தினமும் வந்து வெளியே படிக்கட்டில் நின்று, ஜன்னல் வழியாக அதிகாரம் செய்கிறாள். தண்ணி போதாது, சோப்பு அதிகம், ஊசிய எண்ணுங்க. போன வாரம் படியில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தாள். முழுசாகப் பத்து நிமிஷம் இருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திறந்திருந்த ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து என் மடியில் இறங்கியது. முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது.

"அக்கா, உங்களுக்குக் குளுருது. ஜன்னலச் சாத்துங்க்கா" என்றாள் வெளியிலிருந்து.

"சாத்த மாட்டேன், போடி" என்றேன். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடுத்த மூட்டையை அவிழ்த்தேன்.