குளிக்க ஊற்றிய தண்ணீர்

பிள்ளை பெற்று அம்மா வீட்டில் கிடந்தபோது எனக்கு இருந்த ஒரே நினைப்பு தண்ணீர். கருவாட்டுக் குழம்பும் பூண்டும் மருந்து உருண்டையும் நேரம் தவறாமல் வந்தன. தண்ணீர் மட்டும் வரவில்லை. சோற்றுக்குப் பிறகு அரை டம்ளர் வெந்நீர், அதோடு சரி. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும், ஜன்னி வரும் என்று சின்னாளப்பட்டியில் எங்கள் தெருவே நம்பியது. சித்திரை வெயிலில் ஜன்னல் சாத்திய அறை. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மண்டைக்குள் இடித்தது.

மகளுக்குப் பால் போதவில்லை. உறிஞ்சிப் பார்ப்பாள், முகம் சிவக்கக் கத்துவாள், பிறகு கத்தவும் தெம்பில்லாமல் தூங்கிவிடுவாள். காலையில் அவளுக்குக் கட்டிய துணி மதியம் வரை நனையாமலே இருந்தது.

"பால்ல முக்காவாசி தண்ணிதாம்மா. நான் குடிச்சாத்தானே அவளுக்கு ஊறும்?"

"ஒனக்குப் பொஸ்தகத்துலதேன் பால் சுரக்கும் போல. வாத்தியாரம்மா, செத்த நேரம் வாய மூடிட்டுப் படு."

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லை. அன்று அம்மாவின் காலைப் பிடித்தேன். "ஒரே ஒரு சொம்பும்மா."

அவள் காலை இழுத்துக்கொண்டாள். "எந் தங்கச்சியும் பிள்ளப் பெத்துட்டு இப்படித்தேன் கேட்டா. பாவம்னு என் கையால குடுத்தேன். மறுநா ஜன்னி கண்டு போய்ட்டா. ஒருத்தியக் குடுத்தது போதும்டி."

சித்தியைக் கொன்றது தண்ணீர் இல்லை, கிருமியால் வந்த காய்ச்சல் என்று பாடத்தில் படித்த பதில் என்னிடம் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் மகளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் குளிப்பாட்டினாள். நொச்சியும் வேப்பிலையும் கொதித்த ஓர் அண்டா வெந்நீர். இடுப்பில் சுளீரென்று விழும்படி வீசி வீசி ஊற்றினாள். உடம்பெல்லாம் தண்ணீர், தொண்டையில் சொட்டு இல்லை. தலையில் ஊற்றியபோது அண்ணாந்து வாயைத் திறந்தேன். கசந்தது. நாக்கு வெந்தது. விழுங்கினேன். அடுத்த சொம்புக்கும் திறந்தேன்.

அம்மா பார்த்துவிட்டாள். சொம்பு அந்தரத்தில் நின்றது. "அடிப் பாவி" என்றாள். பிறகு என்னை விட்டு நகரவே இல்லை. நெற்றியையும் வயிற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

காய்ச்சல் வரவில்லை.

மறுநாள் குளிக்க உட்கார்ந்தேன். அண்டாவில் இலை இல்லை. கொதித்து ஆறிய வெறும் தண்ணீர். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, சொம்பை என் நெற்றிக்கு நேரே பிடித்து, மெதுவாக ஊற்றினாள்.