வெங்காயத்துக்கு மூண்டு பெட்டி

கொழும்பிலையிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சாமான் கொண்டுவாற கொண்டெய்னர் வெறுமனே திரும்பிப் போகாமல், ஆள் பிடிச்சுச் சரக்கு ஏத்திறதும் ஒரு உத்தியோகம். எண்பத்துநாலிலை நான் அதைத்தான் செய்தன். வாய் இருந்தால் காணும், வேறை ஒண்டும் தெரியத் தேவையில்லை எண்டு நினைச்சு வேலைக்குப் போன ஆக்கள் உங்களிலையும் இருப்பினம். அவைக்கு என்ரை பாடு விளங்கும்.

மூடின பெட்டி

முதல் மாட்டினவர் புத்தூர்க் கந்தையாண்ணை, வெங்காயத் தோட்டக்காரர். மா மூட்டை இறக்கின கொண்டெய்னர்ப் பெட்டி ஒண்டு வெறுமையாய் நிண்டது. நாலு பக்கமும் இரும்பு, மேலையும் இரும்பு. "மழை போகாதண்ணை, வெயில் போகாது, கள்ளன் போகான்" எண்டு அடுக்கினன். "காத்து?" எண்டார். "காத்தும் போகாது!" எண்டன், பெருமையாய்.

அவரின்ரை விளைச்சலிலை பாதியை ஏத்தி அனுப்பினம். வழியிலை ஆமிச் சோதனை வரிசையிலை பெட்டி ரெண்டு நாள் வெயிலுக்கை நிண்டது. வெங்காயம் விட்ட மூச்செல்லாம் கூரையிலை தண்ணியாகி, திரும்ப வெங்காயத்திலையே சொட்டியிருக்கு. கொழும்பிலை கதவைத் திறந்த றைவர் அல்பிரட் டெலிபோனிலை கேட்டான்: "அண்ணை, கொஞ்சம் அழுகிப் போச்சு, மிச்சம் முளைச்சுப் போச்சு. விக்கிறதோ, நடுகிறதோ?"

குளிர்ப் பெட்டி

கந்தையாண்ணை சத்தம் போடேல்லை. கதிரையிலை இருந்து ஒண்டுதான் சொன்னார்: மிச்சப் பாதியும் கெட்டால் விதைக்கு வைச்ச வெங்காயத்தையும் விக்கவேணும், அடுத்த போகம் தோட்டம் சும்மா கிடக்கும்.

அந்த நேரம் பார்த்து, கோழியிறைச்சி கொண்டுவந்த குளிர்ப் பெட்டி ஒண்டு வந்து நிண்டது. குருநகர் மேரியக்கா தன்ரை றாலை ஏத்த அதிலை முக்கால்வாசி இடம் பிடிச்சிருந்தா. மிச்ச இடத்துக்கு வெங்காயம் எண்டு போய்க் கேட்டன். ஐஸ் அள்ளின கையை இடுப்பிலை வைச்சா. "றால் கல்லாய் உறையிற குளிருக்கை வைச்சு எடுத்தால் வெங்காயம் கூழாய்ப் போகுமடா. ஒரே பெட்டியிலை ரெண்டையும் போட்டு, கொழும்புக்கு என்ன, குழம்பே அனுப்பப் போறாய் மோனை?"

மேல் திறந்த பெட்டி

மூண்டாவது, இரும்புக் குழாய் கொண்டுவந்த பெட்டி. பக்கமெல்லாம் இரும்பு, மேலை மழைக்கு மூடுற படங்குச் சீலை மட்டும். இந்த முறை நான் வாயே திறக்கேல்லை. கந்தையாண்ணை தானே ஏறி, அடுக்குக்கு அடுக்கு பனைமட்டை வைச்சுக் காத்துப் போக வழி விட்டார்; கம்பு நாட்டிப் படங்கைத் தூக்கிக் கட்டினார். சோதனையிலை ஒருத்தன் ஏறி மேலையிருந்து எட்டிப் பார்த்தான், ரெண்டு மூட்டையைக் குத்திப் பார்த்தான், போ எண்டான்.

மற்ற நாள் காலமை அல்பிரட் டெலிபோன் எடுத்தான்: வெங்காயத் தோல் சருகு மாதிரிக் காய்ஞ்சு கிடக்காம், ஒரு மூட்டையும் பழுதில்லையாம். எனக்கு உடனை வாய் திரும்பி வந்திட்டுது. "கப்பல்காரர் ஒவ்வொரு சரக்குக்கும் ஒவ்வொரு வகைப் பெட்டி யோசிச்சுத்தான் செய்யிறாங்களண்ணை. இதுக்குப் பேர் ஓப்பின் டொப்" எண்டு தொடங்கினன். கந்தையாண்ணை சால்வையை உதறித் தோளிலை போட்டார். "தம்பி, பக்கத்துக்கு அடைப்பு, மேலுக்குப் படங்கு. இதைத்தானே நாங்கள் லொறி எண்டு சொல்லுறனாங்கள்?"

பெட்டியைப் பார்த்துச் சரக்குப் பிடிக்கக்கூடாது, சரக்கைப் பார்த்துத்தான் பெட்டி பிடிக்கவேணும் எண்டு நான் படிச்சு முடிக்க, பாவம், ஒரு மனிசன்ரை பாதி விளைச்சல் செலவாச்சு.